நெட்டி முறிக்கப் போவதா, பிசியோவுக்குப் போவதா?

திருப்பூரில் அவிநாசி சாலைப் பக்கம் சின்னதாக ஒரு பிசியோதெரபி கிளினிக் வைத்திருக்கிறேன். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பனியன் கம்பெனிக்காரர்கள். பவர்டேபிள் டெய்லருக்குக் கழுத்தும் தோள்பட்டையும். நாள் முழுக்க நின்று வேலை பார்க்கும் செக்கிங் பெண்களுக்குக் குதிகாலும் குறுக்கும். அயர்ன் மாஸ்டருக்கு வலது தோள். அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறைக்காரர்களுக்கு முழங்கை. என்ன வேலை என்று கேட்டாலே எங்கே வலி என்று பாதி தெரிந்துவிடும். கொஞ்ச காலமாக இவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது: "ஏனுங்க மேடம், யூடியூபுல கழுத்தப் புடிச்சு டக்குனு திருப்பறாங்களே, அங்க போனா ஒரே நாள்ல சரியாயிருங்களா?"

அதுதான் கைரோபிராக்டிக். அதற்குப் போவதா, பிசியோவுக்கு வருவதா என்று எப்படி முடிவு செய்வது என்பதை எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. நான் பிசியோ என்பதால் என் தொழில் பக்கம் கொஞ்சம் சாய்வேன், அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள். எங்கள் ஆட்களையும் சும்மா விடப்போவதில்லை.

முதலில், இரண்டு இடத்துக்கும் போகக் கூடாதவர்கள்

குறுக்கு வலியோடு சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, கட்டுப்பாடில்லாமல் போனாலோ, உட்காரும் இடமும் தொடையிடுக்கும் மரத்துப்போனாலோ, இரண்டு காலும் வலுவிழந்தாலோ அன்றைக்கே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். தண்டுவடத்தின் அடியில் இருக்கும் நரம்புக் கொத்து நசுங்கும்போது இப்படி ஆகும். நாளைக்குப் பார்க்கலாம் என்றால் நிரந்தர பாதிப்பு ஆகிவிடலாம்.

அடுத்தது, நம் நாட்டில் மறக்கவே கூடாத ஒன்று: முதுகெலும்புக் காசநோய். காசநோய் என்றால் இருமல் மட்டும்தான் என்று நினைக்கிறோம். முதுகெலும்பில் வந்தால் இருமலே இல்லாமலும் இருக்கலாம். படுத்தாலும் குறையாத முதுகு வலி, சாயங்காலமானால் லேசான காய்ச்சல், ராத்திரி வியர்வை, சாப்பிட்டும் எடை குறைவது. இந்த அறிகுறி இருக்கிறவரின் முதுகை யாராவது அழுத்தித் திருப்பினால் அரித்துப்போன எலும்பு நொறுங்கக்கூடும். முன்பு புற்றுநோய் வந்தவர்களுக்குப் புதிதாக முதுகு வலி வந்தாலும் இதே எச்சரிக்கைதான். முதலில் டாக்டர், ஸ்கேன். மற்றதெல்லாம் அப்புறம்.

கழுத்தில் இதுவரை இல்லாத மாதிரி திடீரென்று கடுமையான வலியோ தலைவலியோ வந்து, கூடவே தலைசுற்றல், இரட்டையாகத் தெரிவது, பேச்சுக் குழறுவது, நடை தள்ளாடுவது என்று ஏதாவது இருந்தால் கழுத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயின் உள்சுவர் கிழிந்தால் இப்படித்தான் தொடங்கும். சலூனில் முடி வெட்டி முடித்ததும் போனஸாகக் கழுத்தைத் திருப்பி ஒரு டக் வைப்பார்களே, அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எங்கள் வீட்டு ஆண்களுக்கு அதில் அப்படி ஒரு சுகம். நான் கடைக்காரரிடமே நேரில் போய்ச் சொல்லி நிறுத்தினேன்.

அடி பட்டு வந்தால் முதல் கேள்வி எலும்பு முறிவா என்பதுதான். கணுக்கால் பிசகினால் ஒட்டாவா விதி என்று ஒன்று உண்டு. கணுக்காலின் இரு பக்க எலும்பு முண்டுகளின் பின்விளிம்பிலோ முனையிலோ அழுத்தினால் சுள்ளென்று வலித்தால், அல்லது நொண்டியாவது நான்கு அடி வைக்க முடியாவிட்டால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பாதத்தின் நடுவில் சுண்டுவிரல் பக்க எலும்பிலோ உள்பக்க எலும்பிலோ அழுத்தி வலித்தாலும் அப்படித்தான். அதற்கு முன்பு சுளுக்கு நீவி விடுகிறவரிடம் போய் நல்லெண்ணெய் போட்டு இழுக்கச் சொல்லாதீர்கள். வீட்டில் பாட்டி சொன்னாலும்தான்.

அந்த 'டக்' சத்தம் என்ன

கைரோபிராக்டிக் 1895இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டேவன்போர்ட் என்ற ஊரில் டி.டி. பாமர் என்பவர் தொடங்கியது. முதுகெலும்புகள் இம்மியளவு விலகி நரம்பை அழுத்துவதால்தான் பெரும்பாலான நோய்கள் வருகின்றன, அவற்றைக் கையால் இருப்பிடத்தில் உட்கார வைத்தால் நோய் போய்விடும் என்பது அவர் கொள்கை. அந்தக் கொள்கை ஆய்வில் நிற்கவில்லை. இன்றைக்கு ஒழுங்காகப் படித்த கைரோபிராக்டர்களில் பலரே அதை விட்டுவிட்டு, முதுகு, கழுத்து, மூட்டு வலிகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதனால் கழுத்தைத் திருப்பி சர்க்கரையைக் குறைக்கிறேன், குழந்தையின் வீசிங்கைச் சரி செய்கிறேன் என்று யாராவது சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

சரி, சத்தம்? விரலில் சொடக்கு எடுக்கும்போது வருகிற அதே சத்தம்தான். மூட்டுக்குள் வழுவழுப்பான திரவம் இருக்கிறது. மூட்டின் இரு பரப்பும் சட்டென்று பிரியும்போது அதில் ஒரு வாயுக் குமிழி உருவாகிறது. 2015இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் விரலை வைத்து இழுத்து, சத்தம் வரும் அந்தக் கணத்தில் குமிழி தோன்றுவதைப் படம் பிடித்தார்கள். எலும்பு விலகியதும் இல்லை, திரும்ப உட்கார்ந்ததும் இல்லை. ஒரு முறை சத்தம் வந்த மூட்டில் இருபது நிமிடம் போல மறுபடி வராது.

அப்படியென்றால் அது வெறும் வித்தையா என்றால் அதுவும் இல்லை. திருப்பியவுடன் கழுத்து லேசாவது உண்மைதான். மூட்டைச் சுற்றி இறுகிய தசை கொஞ்ச நேரம் தளர்கிறது, வலி உணர்வு மந்தமாகிறது. புதிதாக வந்த குறுக்கு வலிக்கு முதுகைக் கையால் அழுத்தித் திருப்புவதை அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்கள் அமைப்பு 2017இல் வெளியிட்ட வழிகாட்டியில் ஒத்தடம், மசாஜ் ஆகியவற்றோடு சேர்த்துச் சொல்லியிருக்கிறது. எங்களுக்கும் இதைக் கற்றுக்கொடுக்கிறார்கள், நானும் செய்கிறேன். குனிந்து தைத்துத் தைத்து மேல்முதுகு பலகை மாதிரி ஆன டெய்லரைக் குப்புறப் படுக்க வைத்து, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ளங்கையை வைத்து, அவர் மூச்சை விட்டு முடிக்கும் இடத்தில் சட்டென்று ஓர் அழுத்து. "அப்பாடா" என்பார். எழுந்ததும் கழுத்தைத் திருப்பிப் பார்த்து, பரவாயில்லையே என்று சிரிப்பார். ஆனால் அந்த லேசு அன்றைக்கோ மறுநாளோ வரைதான். அதற்குள் நான் சொன்ன பயிற்சியை அவர் செய்தால் அது நிற்கும். இல்லாவிட்டால் ஒன்றரை ஷிப்ட் முடிவதற்குள் பழையபடி இறுகிவிடும்.

வீடியோவில் அந்த மறுநாளைக் காட்டுவதில்லை.

"ஜவ்வு விலகிருச்சு"

இரண்டு பக்கத்திலும் வியாபாரம் நடப்பது இந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான். எம்.ஆர்.ஐ. எடுத்து 'டிஸ்க் பல்ஜ்' (முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் பிதுங்கியிருக்கிறது) என்று எழுதி வந்ததும், ஜவ்வு விலகிவிட்டது, தள்ளி உள்ளே வைக்க வேண்டும் என்று பயந்துவிடுகிறார்கள். வலியே இல்லாதவர்களுக்கு எடுத்த ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்து 2015இல் ஒரு ஆய்வு வந்தது. இருபது வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கும், எண்பது வயதுக்காரர்களில் 84 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பிதுங்கியிருந்தது. எல்லோரும் வலியில்லாமல் நடமாடுகிறவர்கள். ஆக ஸ்கேனில் இருப்பதுதான் வலிக்குக் காரணம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. வலி எங்கே போகிறது, எந்த அசைவில் கூடுகிறது, காலில் பலம் இருக்கிறதா என்பதோடு பொருத்திப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பிதுங்கிய டிஸ்க்கைக் கையால் தள்ளி உள்ளே வைக்க யாராலும் முடியாது. பல நேரம் அது நாளாக ஆகத் தானே சுருங்குவதும் உண்டு.

எதற்கு எங்கே

எலும்பு முறிந்து மாவுக்கட்டு பிரித்த பிறகு மூட்டு மடங்கவில்லை, முழங்காலில் லிகமென்ட் (எலும்புகளைப் பிணைக்கும் நார்) கிழிந்தது, மூட்டு மாற்று அறுவை சிகிச்சை, பக்கவாதம், பிரசவத்துக்குப் பிறகான இடுப்பு வலி: இவற்றுக்கெல்லாம் பிசியோதான், யோசிக்கவே வேண்டாம். இங்கே தேவை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் பலத்தைத் திரும்பக் கொண்டுவருவது. ஒரு திருப்பில் வரக்கூடியது இல்லை.

தோள் உறைந்து கை தூக்க முடியாமல் போவதும் அப்படித்தான். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகம். ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியவில்லை, தலை பின்ன முடியவில்லை என்று வருவார்கள். இதில் வலி உச்சத்தில் இருக்கும்போது வெடுக்கென்று இழுத்தால் இன்னும் இறுகும். மெதுவாகத்தான் போக வேண்டும், மாதங்கள் ஆகும் என்று முதல் நாளே சொல்லிவிடுவேன்.

காலில் இறங்கும் வலிக்கு யாரிடம் போனாலும் முதலில் நரம்பைச் சோதிக்க வேண்டும். ஒரு அயர்ன் மாஸ்டர் வந்தார். குறுக்கிலிருந்து இடது கால் வரை வலி. வேறோர் இடத்தில் பல வாரமாக முதுகைத் திருப்பிக்கொண்டிருந்திருக்கிறார்கள். பேச்சுவாக்கில், "நடக்கறப்ப இந்தக் கால் செருப்பு மட்டும் தானா கழண்டு கழண்டு போகுதுங்க" என்றார். குதிகாலில் நில்லுங்கள் என்றேன். வலது பாதத்தின் முன்பக்கம் மேலே வந்தது, இடது வரவில்லை. கட்டைவிரலை மேலே தூக்கச் சொல்லி ஒற்றை விரலால் அழுத்தினேன், அப்படியே மடங்கிவிட்டது. அன்றைக்கே நரம்பியல் அறுவை மருத்துவரிடம் அனுப்பினேன். ஆபரேஷன் முடிந்து, பிறகு என்னிடமே பயிற்சிக்கு வந்தார். குதிகாலில் நிற்கச் சொல்ல அரை நிமிடம் ஆகும். அதை யாரும் கேட்கவில்லை என்பதுதான் என் ஆத்திரம்.

கைரோபிராக்டரிடம் போவதில் நியாயம் இருக்கிற இடம் எது? நடுத்தர வயதுக்குள், வேறு நோய் இல்லாதவர், சமீபத்தில் வந்த குறுக்குப் பிடிப்போ மேல்முதுகு இறுக்கமோ, காலில் கையில் மரத்துப்போதல் இல்லை, பலக்குறைவு இல்லை. அவரும் முறையாகப் படித்தவர். அங்கே போனால் தப்பில்லை. கழுத்தை மட்டும் வேகமாகத் திருப்ப வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அது உங்கள் உரிமை. பாதிப்பு அபூர்வம்தான். ஆனால் வந்தால் அது பக்கவாதம், அதுவும் கழுத்தை மெதுவாக அசைத்தும் பயிற்சி கொடுத்தும் கிட்டத்தட்ட அதே பலனைப் பெற முடிகிறபோது.

எலும்பு மெலிந்து பலவீனமான (ஆஸ்டியோபோரோசிஸ்) வயதானவர்கள், பல வருடமாக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுக்கிறவர்கள், முடக்குவாதக்காரர்கள், கைக்குழந்தைகள்: இவர்களுக்கு வேகமான அழுத்து, திருப்பு எதுவும் கூடாது. பிசியோ செய்தாலும் கூடாது.

போர்டைப் படிப்பது எப்படி

இங்கிலாந்தில் 1994இல் தனிச் சட்டமே போட்டு, பதிவு செய்யாதவர் கைரோபிராக்டர் என்று சொல்லிக்கொள்வதைக் குற்றமாக்கியிருக்கிறார்கள். அமெரிக்காவில் எல்லா மாநிலங்களிலும் லைசென்ஸ் வேண்டும். லண்டனிலோ டொராண்டோவிலோ இருக்கும் உறவினர், நான் போய் நன்றாக இருந்தது, நீயும் போ என்று போனில் சொல்லும்போது இதை நினைவில் வையுங்கள். அவர் பார்த்தது பல வருடம் படித்து, கவுன்சிலில் பதிவு செய்த ஒருவரை. இந்தியாவில் கைரோபிராக்டிக்குக்கென்று தனிச் சட்டமோ கவுன்சிலோ இல்லை. இங்கே அந்தப் பெயரில் போர்டு வைத்திருப்பவர் வெளிநாட்டில் டி.சி. என்ற கைரோபிராக்டிக் பட்டம் வாங்கியவராக இருக்கலாம், குறுகிய காலப் பயிற்சி எடுத்த பிசியோவாக இருக்கலாம், ஜிம் டிரெய்னராகவும் இருக்கலாம். எங்கே படித்தீர்கள், எத்தனை வருடம் என்று கேளுங்கள். முறையாகப் படித்தவர் சந்தோஷமாகச் சொல்வார்.

பிசியோ என்றால் பி.பி.டி. (பிசியோதெரபி இளநிலைப் பட்டம்) அல்லது எம்.பி.டி. (முதுநிலைப் பட்டம்). நான் படித்தபோது பி.பி.டி. நான்கரை வருடம், அதில் கடைசி ஆறு மாதம் மருத்துவமனைப் பயிற்சி. மருத்துவம் சார்ந்த தொழில்களுக்காக 2021இல் வந்த தேசிய ஆணையச் சட்டத்தில் எங்கள் தொழிலையும் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் பட்டம் சுவரில் தொங்குவதால் மட்டும் வைத்தியம் நன்றாக இருந்துவிடாது. அதற்கு முதல் சிட்டிங்கைப் பார்க்க வேண்டும்.

முதல் சிட்டிங்கில் என்ன நடக்க வேண்டும்

உட்கார வைத்துப் பேச வேண்டும். எப்போது தொடங்கியது, என்ன வேலை, ராத்திரி தூக்கம் எப்படி, என்ன மாத்திரை, காய்ச்சல் உண்டா, சிறுநீர் சரியாகப் போகிறதா. பிறகு குனிய, நிமிர, திரும்பச் சொல்லிப் பார்க்க வேண்டும். முட்டியில் சுத்தியால் தட்டுவது, படுக்க வைத்துக் காலை நீட்டியபடி தூக்குவது, நுனிக்காலிலும் குதிகாலிலும் நடக்க வைப்பது. இவையெல்லாம் முடிந்த பிறகுதான் கை உங்கள் மேல் பட வேண்டும். படுங்கள் என்று சொல்லி நேரே முதுகைத் திருப்புகிறவரும், ரிப்போர்ட்டை மட்டும் பார்த்துவிட்டு நேரே மெஷினை மாட்டுகிறவரும் எனக்கு ஒன்றுதான்.

மெஷின் என்றதும் எங்கள் ஆட்களிடம் வருகிறேன். ஐ.எஃப்.டி. (தோல் வழியாக லேசான மின்சாரம்) பதினைந்து நிமிடம், அல்ட்ராசவுண்ட் (ஸ்கேன் இல்லை, வலிக்கு ஒலி அலை) ஐந்து நிமிடம், டிராக்ஷன் (பெல்ட் கட்டி முதுகை இழுப்பது) பதினைந்து நிமிடம், நாளை இதே நேரம் வாங்க. பத்து நாள் இதையே செய்து அனுப்புகிற கிளினிக்குகள் நிறைய இருக்கின்றன. நாள்பட்ட குறுக்கு வலிக்கு டிராக்ஷன், அல்ட்ராசவுண்ட், டென்ஸ் என்ற மின்சார மெஷின், இடுப்பு பெல்ட் ஆகியவற்றை உலக சுகாதார நிறுவனம் 2023 வழிகாட்டியில் பரிந்துரைக்கவில்லை, தவிர்க்கத்தான் சொல்கிறது. உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. முதுகைக் கையால் அழுத்தித் திருப்புவதையும் நிபந்தனையோடு ஏற்றுக்கொள்கிறது. அதாவது வெறும் மெஷினை மாட்டிவிட்டு செல்போன் பார்க்கும் பிசியோவை விட, நன்றாகப் பரிசோதித்துத் திருப்பிவிட்டு நாலு பயிற்சியும் சொல்லி அனுப்பும் கைரோபிராக்டர் மேல். எங்கள் சங்கத்துக்காரர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

வெளியே வரும்போது உங்கள் கையில் வீட்டுப்பாடம் இருக்க வேண்டும், அதுவும் உங்கள் வேலைக்குப் பொருந்தும்படி. "தினமும் ஒரு மணி நேரம் எக்சர்சைஸ் பண்ணுங்க" என்றால் காலை எட்டரைக்கு உள்ளே போய் ராத்திரி எட்டரைக்கு வெளியே வரும் பெண் எங்கே பண்ணுவாள்? நான் டெய்லர்களிடம் சொல்வது: ஒவ்வொரு பண்டல் முடிந்ததும் எழுந்து நின்று, இரண்டு கையையும் இடுப்பில் வைத்து, ஐந்து தரம் பின்பக்கம் வளையுங்கள். அடுத்த பண்டலை ஹெல்பர் கொண்டுவருவதற்குள் முடிந்துவிடும். பீஸ் ரேட்டும் குறையாது. ஸ்டூல் பள்ளமாக இருந்தால் தடி அட்டையை மடித்து மேலே போட்டு உயர்த்துங்கள். செக்கிங் டேபிளில் நிற்கிறவர்கள் கீழே ஒரு செங்கல் வைத்துக் கால் மாற்றி மாற்றி ஏற்றி வைக்கலாம். சூப்பர்வைசர் முறைத்தால் என் பெயரைச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

பணம்

எங்கள் பக்கம் பிசியோ ஒரு சிட்டிங் பெரும்பாலும் 300 முதல் 500 ரூபாய். கைரோ என்று போர்டு போட்ட இடங்களில் இதைப் போலச் சில மடங்கு. எங்கே போனாலும் முதல் நாளே முப்பது சிட்டிங் பேக்கேஜுக்கு முன்பணம் கட்டாதீர்கள். எக்ஸ்ரேயில் கோடு போட்டுக் காட்டி, வளைவு கெட்டுப்போச்சு, மாதம் ஒரு தரம் வாழ்நாள் முழுக்க வரணும் என்பது பயமுறுத்தல். அதற்குச் சான்று இல்லை.

ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் முதலில் அங்கே போங்கள், சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கிறார்கள் அல்லவா. மாவட்ட அரசு மருத்துவமனையிலும் பிசியோ பிரிவு இருக்கிறது. பக்கவாதம் வந்து படுக்கையில் இருப்பவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பயிற்சி தருகிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் போதும். இது பலருக்குத் தெரியவில்லை.

எப்போது நிறுத்துவது

சாதாரண குறுக்குப் பிடிப்பு எதுவும் செய்யாமலேகூட சில வாரத்தில் பெரும்பாலும் குறைந்துவிடும். ஆகவே யாரிடம் போனாலும் நான்கைந்து சிட்டிங்குக்குள் ஏதாவது ஒன்று அசைந்திருக்க வேண்டும். வலி முழுக்கப் போக வேண்டும் என்று சொல்லவில்லை. முன்பு பத்து நிமிடம் உட்கார முடிந்தது இப்போது அரை மணி முடிகிறது, சாக்ஸ் போடக் குனிய முடிகிறது, ராத்திரி புரளும்போது விழிப்பு வரவில்லை என்கிற மாதிரி. எதுவும் மாறவில்லையென்றால் திட்டத்தை மாற்றச் சொல்லுங்கள். மாற்றாவிட்டால் ஆளை மாற்றுங்கள். வலி கீழே கீழே இறங்கிக் காலுக்குப் போனால், புதிதாக மரத்துப்போனால் அன்றோடு நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள்.

இரண்டு இடத்திலும் ஒரே வாரத்தில் பார்க்கிறவர்களும் உண்டு, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவரிடம். எதில் குறைந்தது, எதில் கூடியது என்று அப்புறம் யாருக்கும் தெரியாது. போவதென்றால் சொல்லிவிட்டுப் போங்கள். நான் திட்டமாட்டேன். அங்கே என்ன செய்தார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்வேன். வரும்போது பழைய எக்ஸ்ரே, ஸ்கேன், சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். "வெள்ளைக் கலர்ல சின்னதா ஒரு மாத்திரைங்க மேடம்" என்றால் எனக்கு எதுவும் தெரியாது.